110 கிலோமீட்டர்: லாங்யர்பியனிலிருந்து நி-ஓலெசுண்டுக்கு

ஜூலை 6, ட்ரோம்சோ – லாங்யர்பியன்

ஆஸ்லோவில் ஏறிய விமானம் ட்ரோம்சோவில் நின்றதும் எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். கைப்பையோடு இறங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, அதே விமானத்தில் அதே இருக்கைக்குத் திரும்ப வேண்டும். ஸ்வால்பார்ட் தீவுகள் நார்வேயைச் சேர்ந்தவைதான். ஆனால் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. 1920-இல் பாரிசில் கையெழுத்தான ஒப்பந்தம் தீவுகளை நார்வேயிடம் கொடுத்தது. கையெழுத்திட்ட நாடுகளின் மக்களுக்கு அங்கே தொழில் செய்யும் உரிமையையும் கொடுத்தது. அந்தப் பட்டியலில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவும் உண்டு. தீவுக்குள் நுழைய விசா தேவையில்லை. ஆனால் நார்வே வழியாகத்தான் போகவும் வரவும் முடியும் என்பதால், இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒருமுறை விசா வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் திரும்பும்போது தவித்துப்போவார்கள். வரப்போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ட்ரோம்சோவிலிருந்து ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பியன் சுமார் 960 கிலோமீட்டர். ஒரு மணி 40 நிமிடம் பறந்தோம். பாதி வழிக்குச் சற்று அப்பால் கரடித் தீவு வரும் என்று ஜன்னலோரம் காத்திருந்தேன். மேகம் விலகவே இல்லை. பிறகு திடீரென்று மேகத்தைக் கிழித்துக்கொண்டு கூரான மலைமுகடுகள் தெரிந்தன. எந்த மலையிலும் ஒரு மரம்கூட இல்லை.

இரவு பதினொன்றரைக்கு இதை எழுதுகிறேன். சூரியன் வடமேற்கில் நன்றாக உயரத்தில் நிற்கிறது. ஏப்ரல் 20-ஆம் தேதி வாக்கில் உதித்தது, ஆகஸ்ட் 22, 23 வரை மறையாது. திரைச்சீலையை இழுத்துவிட்டேன். ஆனால் தூக்கம் வராமல் இருப்பதற்கு வெளிச்சம் மட்டும் காரணமில்லை. நாளை இதே தீவுகளில் இன்னும் வடக்கே உள்ள நி-ஓலெசுண்ட் என்ற ஆய்வாளர்களின் ஊருக்குப் போகிறேன். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 ஜூலையிலிருந்து அங்கே இருக்கிறது. நான்கு வாரம் அங்கே தங்கி, காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஜூலை 7, லாங்யர்பியன்

காலை உணவு மேசையில் உட்கார்ந்து இரண்டு விமானத் தளங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கையால் கணக்கிட்டேன். கைபேசியில் தேடினால் ஒரு நொடியில் கிடைத்துவிடும். ஆனால் அப்பா வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுக்கு மேல் சர்வேயராக இருந்தவர். தூரத்தை அடுத்தவர் சொல்லிக் கேட்காதே, நீயே அளந்து பார் என்று சொல்லி வளர்த்தவர்.

லாங்யர்பியன் தளம் வடக்கே 78 பாகை 15 கலை (அறுபது கலை ஒரு பாகை). நி-ஓலெசுண்ட் 78 பாகை 56 கலை. வடக்காக இருக்கும் வித்தியாசம் 41 கலை, கிலோமீட்டரில் 76. கிழக்கு மேற்காக வித்தியாசம் 3.6 பாகை. அழகு இங்கேதான் இருக்கிறது. சென்னையில் ஒரு தீர்க்கரேகைப் பாகை என்பது 108 கிலோமீட்டர் அகலம். இங்கே துருவத்தை நோக்கி எல்லா ரேகைகளும் நெருங்கி வருவதால் அது வெறும் 22 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 3.6-ஐ 22-ஆல் பெருக்கினால் 79. ஆக, 76-உம் 79-உம் பக்கங்களாக உள்ள ஒரு செங்கோண முக்கோணம். அதன் கர்ணம் 110 கிலோமீட்டர். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் போதும். உலகத்தின் உச்சியில் இருக்கிற இரண்டு ஓடுதளங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரு காகித மேல்விரிப்பின் ஓரத்தில் அடங்கிவிட்டது.

டிக்கெட்டில் பயண நேரம் 25 நிமிடம் என்று போட்டிருந்தது.

நி-ஓலெசுண்ட் விமானம் பெரிய முனையத்திலிருந்து புறப்படுவதில்லை. சற்றுத் தள்ளி உள்ள விமானக் கொட்டகைக்குப் போக வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கான சேவையும் அல்ல இது. அங்கே வேலை செய்கிறவர்களும் ஆய்வாளர்களும்தான் ஏறலாம், அதுவும் வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில். பெட்டியை எடை போட்டார்கள். கொட்டகையில் நின்ற விமானத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது: டார்னியர் 228. ஜெர்மானிய வடிவமைப்பு, உரிமம் பெற்று நம் கான்பூரில் எச்.ஏ.எல். நிறுவனமும் தயாரிக்கிறது. சென்னைக் கடற்கரையில் நடக்கும்போது கடலோரக் காவல்படையின் டார்னியர் தலைக்கு மேல் போவதை எத்தனை முறை பார்த்திருப்பேன்! உயரத்தில் பொருத்திய இறக்கை, நீண்ட மூக்கு, இரண்டு சுழல்விசிறிகள். ஊர்க்காரரைச் சந்தித்தது போல் இருந்தது.

லாங்யர்பியனில் நல்ல வெயில். ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு விமானி வந்து, இன்றைக்குப் பறக்கவில்லை என்று சொன்னார். நி-ஓலெசுண்ட் இருக்கும் கோங்ஸ்ஃபியோர்ட் என்ற கடற்கழியில் மூடுபனி. கோடையில் ஈரக்காற்று பனியாறுகள் கரைந்து குளிர்ந்த நீரின் மேல் வந்து படும்போது, மேகம் கடல் மட்டத்திலேயே பாய் விரித்தது போல் படிந்துவிடுகிறது. அங்கே இருப்பது 800 மீட்டர் அளவிலான சரளைக்கல் ஓடுதளம். அதைக் கண்ணால் பார்க்காமல் இறங்க மாட்டோம் என்றார்.

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. காரணம் இங்கே லாங்யர்பியன் ஓடுதளத்திலிருந்து கிழக்கே பார்த்தால் தெரியும். அங்கே ஓபரா மலை இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 29 அன்று மாஸ்கோவிலிருந்து வந்த டுபோலெவ் 154 விமானம், மேகத்துக்குள் இறங்கும் பாதையை விட்டுச் சில கிலோமீட்டர் விலகி அந்த மலையில் மோதியது. பேரன்ட்ஸ்பர்க், பிரமிடன் சுரங்க ஊர்களுக்கு வந்துகொண்டிருந்த தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும். 141 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நார்வே மண்ணில் நடந்த மிகப் பெரிய விமான விபத்து அது. இறங்க வேண்டிய இடத்துக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவான தொலைவுதான் இருந்தது. அந்த மலையைப் பார்த்தபடி நின்று, பறக்க மறுத்த விமானியை மனதுக்குள் வணங்கினேன்.

ஜூலை 8, லாங்யர்பியன்

இன்றும் இல்லை.

அருங்காட்சியகத்துக்குப் போனேன். செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போவது இந்த ஊர் வழக்கம். சுரங்கத் தொழிலாளர்கள் கரித்தூசியைக் காலோடு வீட்டுக்குள் கொண்டு வராமல் இருக்க ஏற்பட்டதாம். நம் வீடுகளில் கால் வைப்பது போலவே இருந்தது.

இந்த விமான நிலையம் 1975-இல்தான் திறந்தது. உலகில் பொதுமக்களுக்கான வழக்கமான விமானச் சேவை உள்ள நிலையங்களில் வடகோடியில் இருப்பது இதுதான். அதற்கு முன்பு இலையுதிர் காலத்தில் கடைசிக் கப்பல் போய்விட்டால், மே மாதம் கடல் பனி உடையும்வரை ஊர் தனித்தீவு. 1950களின் இறுதியிலிருந்து குளிர்காலத்தில் அட்வென்ட் பள்ளத்தாக்கில் உறைந்த நிலத்தைச் சமப்படுத்தி எப்போதாவது விமானத்தை இறக்கியிருக்கிறார்கள். கடிதம் எழுதிப் பதில் வருவதற்குள் பிறந்த குழந்தை தவழத் தொடங்கியிருக்கும். அந்த மக்களிடம் போய் ஆஸ்லோவுக்கும் இந்த ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தால், 2,000 கிலோமீட்டர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘மே மாதம்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஓடுதளமே நிரந்தர உறைநிலத்தின் மேல் போட்டது. கோடை வெப்பம் கூடக்கூட அடியில் மண் இளகி, தளம் அங்கங்கே அமுங்குகிறது, செப்பனிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு மேலே மலைச்சரிவில், உலக விதைகளின் காப்பகம் கதவு மட்டும் வெளியே தெரிய நிற்கிறது.

இங்கே வந்த பிறகு நான் அதிகம் நினைத்துக்கொள்வது வேறொரு கூட்டத்தை. 1899 முதல் 1902 வரை சுவீடனும் ரஷ்யாவும் சேர்ந்து இந்தத் தீவுகளில் வடக்கு தெற்காக ஓடும் ஒரு தீர்க்கரேகையின் துண்டை அளந்தன. மலை மலையாக ஏறிக் கோணம் பார்த்தார்கள். பூமி துருவத்தில் தட்டையாக இருக்கிறதா, எவ்வளவு தட்டை என்பதே கேள்வி. தட்டையானால் ஒரு அட்சரேகைப் பாகையின் நீளம் வடக்கே வர வர அதிகரிக்க வேண்டும். நடுக்கோட்டருகே 110.6 கிலோமீட்டர், இங்கே 111.7. ஒரு கிலோமீட்டர் சொச்சம் வித்தியாசத்துக்காகக் குளிர்காலத்தையும் இங்கேயே கழித்திருக்கிறார்கள். இதே கேள்வியின் தென்முனையை 1802-இல் நம் பரங்கிமலையருகே வில்லியம் லாம்ப்டன் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். அப்பா என்னைச் சிறுவயதில் அங்கே அழைத்துப்போய், ‘இங்கேதான் அம்மா, முதல் சங்கிலி விழுந்தது’ என்று காட்டியிருக்கிறார். நேற்று 76 கிலோமீட்டர் என்று நான் எளிதாகப் பெருக்கினேனே, அந்தப் பெருக்கல் எண் இப்படிப்பட்டவர்களின் உழைப்பில் கிடைத்தது.

ஜூலை 9, மறுபடியும் லாங்யர்பியன்

பறந்தோம், சேரவில்லை.

காலை 9.40-க்கு எழும்பினோம். பதினெட்டு நிமிடத்தில் கோங்ஸ்ஃபியோர்டின் வாய் தெரிந்தது. அதாவது, அது இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு அடைத்தது போல் வெண்மை. மூன்று முறை வட்டமடித்தார்கள். ஒரு கணம் மேகத்தில் ஓட்டை விழுந்து, கீழே சிவப்பும் மஞ்சளுமாகச் சில வீடுகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன. என் பக்கத்தில் இருந்த சமையற்காரப் பெண்மணி, “அதோ, என் சமையலறை” என்று கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினார். ஓட்டை மூடிக்கொண்டது. திரும்பிவிட்டோம். 10.34-க்கு லாங்யர்பியனில் சக்கரம் பட்டது.

நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்: பறந்த நேரம் 54 நிமிடம். கடந்த தூரம் 220 கிலோமீட்டருக்கு மேல். சேர்ந்த தூரம் பூஜ்யம். அப்பாவுக்கு இந்தக் கணக்கு பிடிக்கும்.

ஜூலை 10, நி-ஓலெசுண்ட்

வந்துவிட்டேன்! 8.12-க்குத் தரை விட்டோம், 8.36-க்குத் தரை தொட்டோம். 24 நிமிடம்.

அந்த 24 நிமிடத்தில் ஒன்றைக்கூட இழக்கக் கூடாது என்று நெற்றியை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். முதலில் ஈஸ்ஃபியோர்டின் அகலமான நீர். கரும்பச்சை நிறம், அதில் வெள்ளைப் புள்ளிகளாக மிதக்கும் பனிக்கட்டிகள். பிறகு இரண்டாம் ஆஸ்கர் நிலம் என்று பெயரிட்ட தீபகற்பம். பெயர்தான் நிலம். கீழே முழுக்கப் பனியாறுகள். மலைகளுக்கு நடுவே அவை வளைந்து இறங்குவதும், இரண்டு கிளைகள் சேரும் இடத்தில் கரும்பட்டையாக மண்ணும் கல்லும் கோடு இழுத்துக்கொண்டு போவதும் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் கோடுகளைப் பார்த்தால், நகராமல் உறைந்து கிடப்பதாக நாம் நினைக்கிற ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று தானாகவே புரிகிறது. இரண்டு ஊருக்கும் இடையே சாலை ஏன் இல்லை என்பதும் புரிகிறது. பிரின்ஸ் கார்ல்ஸ் ஃபோர்லாந்துத் தீவைச் சுற்றி வரும் கப்பலுக்கு இதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்குத் தூரம். பயணத்துக்கே பெரும்பாலும் ஒரு பகல் போய்விடும்.

பறக்கும்போதே இன்னொரு கணக்கு மனதில் ஓடியது. சென்னையில் பூமி மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் நம்மைக் கிழக்கே தூக்கிக்கொண்டு சுற்றுகிறது. இந்த அட்சரேகையில் அந்த வேகம் மணிக்கு 331 கிலோமீட்டர்தான். எங்கள் டார்னியரால் அதை எட்ட முடியும். நேர் மேற்கே திரும்பி அதே வேகத்தில் பறந்துகொண்டே இருந்தால், சூரியன் வானத்தில் ஒரே திசையில் நின்றுவிடும். கடிகாரம் ஓடும், பொழுது நகராது. இப்படி ஒரு சிறிய விசிறி விமானம் சூரியனைப் பிடித்து நிறுத்தக்கூடிய இடத்தில் நான் இருக்கிறேன் என்ற நினைப்பே உடம்பைச் சிலிர்க்க வைத்தது.

சரளைக்கல் ஓடுதளத்தில் சக்கரம் பட்டதும் கற்கள் படபடவென்று வயிற்றில் அடித்தன. இறங்குவதற்கு முன்பே கைபேசி, கைக்கடிகாரம், காதுக்கருவி எல்லாவற்றிலும் வைஃபையும் புளூடூத்தும் அணைத்திருக்கிறதா என்று மறுபடி கேட்டார்கள். இந்த ஊர் ரேடியோ மௌனம் காக்கிறது. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். இன்டர்நெட் உண்டு, ஆனால் கம்பி வழியாக மட்டும். இந்தக் குறிப்புகளை அப்படித்தான் ஏற்றுகிறேன்.

பேருந்திலிருந்து இறங்கி ஹிமாத்ரி வாசலில் நின்றேன். பலகையில் தேவநாகரியில் பெயர். பக்கத்தில் நம் கொடி. சமையற்காரப் பெண்மணி தன் சமையலறையை நோக்கி ஏறக்குறைய ஓடினார்.

ஜூலை 12

ஊர் முழுவதும் ஒரே கூடத்தில் சாப்பிடுகிறது. கோடையில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், குளிர்காலத்தில் முப்பது, நாற்பது பேர். 1916, 17-இல் நிலக்கரிக்காகத் தொடங்கிய ஊர். 1962 நவம்பரில் சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 21 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக அடுத்த ஆண்டு நார்வேயில் அரசாங்கமே கவிழ்ந்தது. சுரங்கத்தை மூடினார்கள். பிறகுதான் ஆய்வாளர்களின் ஊரானது.

மாலையில் ஆகாயக்கப்பலைக் கட்டி நிறுத்திய கம்பத்தைப் பார்க்கப் போனேன். தலைக்கு மேல் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆலாப் பறவைகள் வழியெங்கும் முட்டையிட்டிருக்கின்றன. மனிதன் உடம்பில் எது உயரமோ அதைக் கொத்தும். துருவத்துக்குத் துருவம் பறந்து வந்து போகிற பறவை, தன் கூட்டுக்காக இரண்டு மீட்டர் நிலத்தைக் காக்கிறது. குச்சியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வழிவிட்டேன்.

கம்பம் இன்றும் நிற்கிறது. 1926 மே 11 அன்று நார்வேயின் அமுண்ட்சென், அமெரிக்கரான எல்ஸ்வொர்த், இத்தாலியரான நோபிலே ஆகியோர் ‘நோர்கே’ என்ற ஆகாயக்கப்பலில் இங்கிருந்து புறப்பட்டு, மறுநாள் வடதுருவத்தின் மேல் பறந்து, 14-ஆம் தேதி அலாஸ்காவின் டெல்லரில் இறங்கினார்கள். 

ஆனால் நான் அந்தக் கம்பத்தடியில் உட்கார்ந்து யோசித்தது அதற்கு இரண்டு நாள் முந்திய பயணத்தை. மே 9 அன்று அமெரிக்கரான ரிச்சர்ட் பேர்டும் ஃபிளாய்ட் பென்னட்டும் மூன்று இயந்திர ஃபாக்கர் விமானத்தில் இதே ஊரிலிருந்து புறப்பட்டார்கள். சுமார் பதினைந்தரை மணி நேரத்தில் திரும்பி வந்து, துருவத்தைத் தொட்டுவிட்டோம் என்றார்கள். உலகம் கொண்டாடியது. சந்தேகம் வந்தது பயண நேரத்தினால்தான். இங்கிருந்து துருவம் சுமார் 1,240 கிலோமீட்டர். போய்வர 2,480. பதினைந்தரை மணியால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 160. அந்த விமானத்தைப் பின்னர் ஓட்டிய பெர்ன்ட் பால்கன், அதற்கு அவ்வளவு வேகம் வராது என்றார். பேர்டின் பக்கம் நிற்பவர்கள் பின்காற்று உதவியிருக்கும் என்கிறார்கள். 1996-இல் பேர்டின் நாட்குறிப்பு வெளிப்பட்டது; அதில், சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியால் எடுத்து, அழித்தும் படிக்க முடிகிற அளவுகள் இருந்தன. வாதம் இன்னும் முடியவில்லை.

அவர் பொய் சொன்னார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று இயந்திரங்களின் இரைச்சலில், உறையும் குளிரில், பனிவெளி தவிர எந்த அடையாளமும் இல்லாத இடத்தில் சூரியனின் உயரத்தை மட்டும் வைத்துத் தூரம் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. ஆனால் அழித்த எண்களை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. அளந்ததை அழிக்கக் கூடாது. தவறாக அளந்தால் அதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பம் இட வேண்டும். அப்பாவின் புலப்படப் புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 13

ரேடியோ மௌனத்தின் காரணத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? ஊருக்கு வெளியே 13 மீட்டர் விட்டமுள்ள இரட்டைத் தட்டு அலைவாங்கிகள் நிற்கின்றன. 2018-இல் திறந்த நிலமளவை நிலையம். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள குவேசார்கள் என்ற மிகப் பிரகாசமான வான்பொருள்களிலிருந்து வரும் மிக மெல்லிய அலைகளைப் பிடிக்கின்றன. ஒரு கைபேசியின் வைஃபை போதும், அந்த முனகலை அமுக்கிவிடும்.

அந்த அலை இங்கே வந்து சேரும் நேரத்தை ஹைட்ரஜன் மேசர் என்ற மிகத் துல்லியமான அணுக் கடிகாரத்தால் குறிக்கிறார்கள். அதே அலை வேறு கண்டத்தில் உள்ள அலைவாங்கிக்கு வந்து சேரும் நேரத்தை அங்கே குறிக்கிறார்கள். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து, இரண்டு இடங்களுக்கும் உள்ள தூரத்தைச் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் கண்டுபிடிக்கிறார்கள். சங்கிலியே இல்லை, நேரம்தான் சங்கிலி. கண்டங்கள் விலகுவது இப்படித்தான் தெரிகிறது. பனியாறுகள் கரைந்து பாரம் குறையக் குறைய இந்தத் தீவின் தரையே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலே எழும்புவதும் தெரிகிறது.

இரவு அப்பாவைக் கணினி வழியாக அழைத்தேன். தென்காசியில் அப்போது விடியற்காலை; எழுந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு தூரம் அம்மா, கடைசிக் கட்டம்?”

“110 கிலோமீட்டர் அப்பா.”

“சங்கிலியில் சொல்.”

அறுபத்தாறு அடிச் சங்கிலி. முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். “ஐயாயிரத்து நானூற்று அறுபத்தெட்டு.”

மறுமுனையில் பென்சில் உரசும் ஓசை கேட்டது. சரிபார்க்கிறார். “சரியாகத்தான் வருகிறது. மேடு பள்ளத்துக்குக் கழித்தாயா?”

“இது கடல் மட்டத்தில் கணக்கிட்ட தூரம் அப்பா. நடுவில் மலையும் பனியாறும்தான். அதோடு தரை வேறு எழும்பிக்கொண்டே இருக்கிறதாம்.” அலைவாங்கியைப் பற்றிச் சொன்னேன். அவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு குவேசார் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

“திரும்புகிற விமானம் எந்தத் தேதி?”

“ஆகஸ்ட் 4 அப்பா. மூடுபனி இல்லாவிட்டால்.”